மஞ்சள் பொட்டு வைத்த சக்கரம்

“அப்பா, இந்த ஒரு சக்கரத்துக்கு மட்டும் யாருப்பா பொட்டு வெச்சது?”

மகளுக்கு அப்போது ஆறு வயது. ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா காரைக் கழுவுவார். அவள் தன் சின்ன வாளியும் பழைய பல் துலக்கும் பிரஷுமாகச் சக்கரங்களைத் தேய்ப்பாள். அது அவர்களுக்குள் இருந்த வேலைப் பங்கீடு. மற்ற மூன்று சக்கரங்களில் இல்லாத ஒன்றை இடது முன் சக்கரத்தில் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். நான்கு நட்டுகளின் தலையிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு பொட்டு. ஒவ்வொரு பொட்டிலிருந்தும் சக்கரத்தின் மேல் இறங்கும் சின்னதாக ஒரு வால்.

“காருக்கும் அழகு வேணாமா?” என்று சிரித்தார். சிரிப்பு பாதி வழியிலேயே நின்றுவிட்டது. கையிலிருந்த துணியைப் பிழியவும் மறந்து ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல குட்டி. கால் மரத்துப்போச்சு.”

கால் மரத்துப்போகவில்லை. அந்தப் பொட்டு அங்கே எப்படி வந்தது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவுதான்.

அவருக்குத் தொழில் மூக்குக்கண்ணாடி. கடையின் பின்னறையில் விளக்கடியில் உட்கார்ந்து, வில்லைகளை இழைத்துச் சட்டத்தில் பொருத்தி, கடுகளவு திருகுகளை மயிரிழை பிசகாமல் முடுக்குகிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கண்ணாடிக்காரர். வாரத்துக்கு ஆறு நாள் நடுங்காத அந்தக் கை, மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் கியர் மாற்றுவதற்குப் பரபரக்கும்.

கார், இரண்டே கதவு வைத்த சின்னச் சிவப்பு ஹேட்ச்பேக். பார்த்தால் காய்கறி வாங்கப் போகிற வண்டிதான். பானட்டுக்குள் இருந்ததோ அந்த உடம்புக்குக் கொஞ்சமும் பொருந்தாத முரட்டு என்ஜின். ஒரு பள்ளி ஆசிரியையிடமிருந்து வாங்கியது. மூன்றாவது கியருக்கு மேல் போனதே இல்லை என்று அந்த அம்மா சத்தியம் செய்யாத குறைதான். வாங்கிய மறுநாளே வண்டி அந்த நல்ல பழக்கத்தை மறந்துவிட்டது.

முதலில் டயர், அதன் பிறகு பிரேக் என்று ஒவ்வொன்றாகத்தான் மாற்றினார். ஓடத் தெரிவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும் என்பது அவர் கொள்கை. சூடு தாங்கும் பிரேக் பேடு, லேசில் கொதிக்காத பிரேக் ஆயில், இரண்டு விரல் குட்டையான ஸ்பிரிங், இடுப்பைக் கவ்விப் பிடிக்கிற பக்கெட் சீட்டு. சைலன்சரை மாற்றிய அன்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். வந்தவர் கடைசியில், “ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

அந்த மாதச் சனிக்கிழமைதான் அவருக்கு டிராக் நாள். அதற்கு முந்தின நாள், எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றுவார். வைக்க வேறு இடமில்லை. அது வீட்டுக் கூடத்தில் சோபாவாகிவிடும். மகள் அதில் உட்கார்ந்து, இடுப்பில் பெல்ட்டும் மாட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதுவாள்.

“வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் உக்காந்ததும் முன்னாடி யாரு ஓட்றாங்கன்னு பாக்கறாங்க” என்பாள் மனைவி. “இந்த வண்டிக்குச் செய்யற பணிவிடையில பாதி எனக்குச் செஞ்சிருந்தா, நானும் இன்னைக்கு ஷோரூம்ல நிக்கலாம்.”

“உனக்கு ஸ்பேர் கிடைக்காதும்மா. அதான் தொடவே பயமா இருக்கு.”

“வாய்க்கு மட்டும் எண்ணெய் போடாமயே ஓடுது.”

டிராக் நாள் என்பது பந்தயம் இல்லை. ஓட்டத் தெரிந்த யாரும் ஹெல்மெட்டோடு பந்தயச் சாலைக்கு வந்து, இருபது இருபது நிமிஷமாகச் சுற்றிவிட்டுப் போகலாம். கோப்பை கிடையாது, கைதட்டல் கிடையாது. போன மாதத்து நம்மைத் தவிர அங்கே ஜெயிப்பதற்கு ஆளும் கிடையாது.

அங்கேதான் பஸ்காரர் பழக்கம். நகரப் பேருந்து ஓட்டுகிறவர்; கண்ணாடிக்காரரைவிடப் பத்து வயது மூத்தவர். அதே மாதிரி வண்டி, நிறம் மட்டும் நீலம். அவர் பஸ் கிளம்பியதும் நின்றதும் பயணிகளுக்குத் தெரியாது என்பார்கள். அத்தனை மெதுவான கால். டிராக்கில் அந்தக் கால் வேறு யாருடையதோ போல இருக்கும். பேச்சு குறைவு. பணிமனையில் படிந்த ஒரு பழக்கம் அவரிடம் இருந்தது. எந்த நட்டை முடுக்கினாலும் அதன் மேல் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு பொட்டு வைத்து, சக்கரம் வரை ஒரு கோடு இழுப்பார்.

“கோடு விலகுனா நட்டு நகர்ந்துருச்சுன்னு அர்த்தம். நட்டுக்கு வாய் ஏது? கோடுதான் சொல்லும்” என்று ஒருமுறை சொன்னார். அன்று அவர் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

மகள் பொட்டைப் பார்த்ததற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மனைவிக்கு அலுவலகம் இருந்ததால் மகளும் டிராக்குக்கு வந்திருந்தாள். மாலையில் வீடு திரும்புமுன் டிராக் பிரேக் பேடுகளைக் கழற்றிச் சாதாரண பேடுகளைப் போட வேண்டும். சூடேறினால்தான் பிடிக்கிற பேடு தெருவுக்கு ஆகாது. வலது பக்கம் முடித்தாயிற்று. இடது பக்கமும் பேடு மாற்றி, சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நான்கு நட்டுகளையும் விரலால் சுழற்றி நிறுத்தினார். ஸ்பேனரைக் கையில் எடுக்கிற நேரத்தில், “அப்பா, அவசரம்” என்றாள் மகள். கழிப்பறை மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

திரும்பி வரும்போது, கழிப்பறைக் கூரையில் பார்த்த பல்லியின் கதையை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். பல்லிக்கு வால் இல்லை. ஏன் இல்லை, வால் இப்போது எங்கே இருக்கும், அதற்கு வலிக்குமா என்று ஆயிரம் கேள்வி. கார் ஜாக்கியிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. ஜாக்கி மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. ஆக, வேலையை முடித்துவிட்டுத்தான் ஓடியிருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார். பல்லி அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. நெடுஞ்சாலையில் அறுபது கிலோமீட்டர். வழியெல்லாம் மகள் பாடினாள், பாடிக்கொண்டே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை அந்தக் கேள்வி. நான்கு நட்டுகளையும் முடுக்கியது தன் கை இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்ல இரண்டு முறை வாயெடுத்து, இரண்டு முறையும் “சாப்பாட்டுல உப்பு சரியா இருக்கு” என்று சொன்னார். கண்ணாடித் திருகை இரண்டு தரம் சரிபார்க்கிற மனிதர், தன் குழந்தை உட்கார்ந்த வண்டியின் சக்கரத்தைச் சரிபார்க்கவில்லை. இந்த விஷயம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: அவருக்கு, பஸ்காரருக்கு, கடவுளுக்கு. மூன்றாமவரிடம் அன்று முதல் தினமும் படுக்குமுன் பஸ்காரரின் நலத்துக்காக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தூங்கினார். ஆனால் கடவுளிடம் சொல்வது சுலபம். பஸ்காரரிடம் சொல்வதுதான் முடியவில்லை.

அடுத்த மாதமே முயன்று பார்த்தார்.

“அண்ணே, போன தடவ என் வண்டியில…”

“உன் வண்டிக்கு என்ன?”

“இடது சக்கரம். மஞ்சள் பெயிண்ட்.”

“மஞ்சள் பெயிண்ட் கடையில விக்குது. யாரு வேணா வாங்கலாம்.” பஸ்காரர் டயரில் காற்று பார்ப்பதை நிறுத்தவில்லை. “நீ மூணாவது வளைவுல ரொம்ப முன்னாடியே பிரேக் புடிக்கிற. அதப் பாரு.”

கண்ணாடிக்காரர் விலை உயர்ந்த ஸ்பேனர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். “என்கிட்ட இருக்கு. யாராவது இல்லாதவனுக்குக் குடு” என்று திரும்பி வந்தது. சில வருஷங்களில் பஸ்காரருக்குப் படிக்கக் கண்ணாடி தேவைப்பட, கடைக்கே வந்தார். கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே நல்ல வில்லையாகத் தேடிப் போட்டார். பஸ்காரர் விலைச் சீட்டைப் பார்த்து முழுசாக எண்ணி வைத்தார். சரி என்று, கண்ணாடிக்காரர் இன்னொரு ஜோடியைப் பைக்குள் சத்தமில்லாமல் போட்டு அனுப்பினார். இரண்டு நாளில் அது தபாலில் வந்தது. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: ‘தவறுதலாக வந்துவிட்டது. கடையில் கவனம் தேவை.’

சில பேருக்குக் கொடுக்கத்தான் தெரியும், வாங்கத் தெரியாது. அவர்களிடம் பட்ட கடன் இருக்கிறதே, அது பல்லில் மாட்டிக்கொண்ட நார் மாதிரி. நாக்கு சதா அங்கேயே போகும். இப்படிப் பன்னிரண்டு வருஷம் போயிற்று.

மகள் படிக்க வெளியூர் போனாள். மாமியார் முழங்கால் அறுவை செய்துகொண்டு வீட்டோடு வந்தார். இரண்டு கதவும் பக்கெட் சீட்டும் அவருக்குச் சரிப்படவில்லை. “மாப்ள, உள்ள போயிட்டேன். வெளிய வர்றதுக்கு நல்ல நாள் பாருங்க” என்றார் ஒருநாள். மனைவி எதுவும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். வண்டியை விற்பதாக விளம்பரம் போட்டார். ஒருவர் வந்து பார்த்து, திங்கட்கிழமை எடுத்துக்கொள்வதாகப் பேசிப் போனார்.

சனிக்கிழமை டிராக் நாள். வண்டிக்கும் அவருக்கும் கடைசி.

அந்த டிராக்குக்கும் ஒரு வகையில் அது கடைசிதான். மறுவாரம் நேர்பாதையை உடைத்து நடுவில் புதிதாக ஒரு வளைவு போடப் போகிறார்கள். அதற்குப் பிறகு பழைய சுற்று நேரங்களுக்குப் பொருளே இல்லை. இது பஸ்காரருக்குப் பெரிய விஷயம். ஒரு சுற்றை இரண்டு நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. நாலு வருஷமாக இரண்டு நிமிஷத்துக்கு மேல் அரை விநாடியிலேயே நின்றுகொண்டிருந்தார். அதைப் பற்றிப் பேச மாட்டார். ஆனால் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மீசையை ஒருமுறை தடவுவார். தடவினால் ‘இன்னும் இல்லை’ என்று அர்த்தம்.

காலையில் தூறல். ஈரத் தரையில் யாரும் வேகம் எடுக்கவில்லை. கண்ணாடிக்காரர் மெல்ல நாலு சுற்று சுற்றிவிட்டு, நல்ல ஓட்டத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டார். பதினோரு மணிக்கு வெயில் வந்து தரையைத் துடைத்துவிட்டது. பஸ்காரர் முதலில் இறங்கினார். மூன்றாவது சுற்றில் நீல வண்டி இருமியது. நான்காவதில் நொண்டியது. அப்படியே ஊர்ந்து, வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு வந்து பானட்டைத் திறந்தார்.

“என்னண்ணே?”

“சூடானா இருமுது. வால்வு போயிருக்கும்னு நெனைக்கிறேன்.”

“பிளக்?”

“போன வாரம்தான் புதுசு. பிளக், வயர், காயில் எல்லாத்தையும் மாத்திட்டேன். இன்னைக்குன்னு பாத்துப் பாத்துப் போட்டது.” மீசையைத் தடவினார். “போதும். வற்புறுத்தி ஓட்டுனா என்ஜினையே சாகடிச்சிடுவோம். சாப்பிட்டுட்டுக் கிளம்பறேன்.”

“ஆற விட்டுப் பாக்கலாமேண்ணே.”

“வயசான காலத்துல வண்டியும் நம்மள மாதிரிதான். நீ ஓட்டு தம்பி. உனக்கு இன்னைக்கு விட்டா நாளே இல்ல. தரையும் காஞ்சிருச்சு.”

ஹெல்மெட்டை இருக்கையில் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்தார். அவருக்குப் பின்னால் கொட்டகையே காலியாயிற்று. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள்.

கண்ணாடிக்காரர் போகவில்லை. ஆறிக்கொண்டிருந்த நீல வண்டியின் முன் நின்றார். அவருக்கு அந்த இருமல் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன் சிவப்பு வண்டியும் அதே மாதிரி, சூடேறினால் இருமும், ஆறினால் ஒழுங்காக ஓடும். இரண்டு மாதம் அலைந்த பிறகுதான் தெரிந்தது: பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்புகிற காயில். கைக்கு அடக்கமான ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். வண்டி நோண்டுகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பழைய சாமான் ஒவ்வொன்றையும் சந்தேகப்படுவார்கள். தன் கையால் நேற்று மாட்டிய புதுசைச் சந்தேகப்பட மாட்டார்கள். அவரும் அன்று அப்படித்தான் அலைந்தார். இன்று பஸ்காரர்.

நல்ல காயில் ஒன்று பத்தடி தூரத்தில், சிவப்பு வண்டிக்குள் இருந்தது.

போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். “காயில்தான்ணே, என்னோடத மாட்டிக்குங்க” என்றால், “உன் கடைசி நாளக் கெடுக்க நான் யாரு?” என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக எத்தனை தரம் முடிந்த பேச்சு அது.

வெளியே எட்டிப் பார்த்தார். தரை சுக்காகக் காய்ந்து கிடந்தது. வருஷத்தில் இரண்டு மூன்று நாள்தான் இப்படி அமையும். மூன்றாவது வளைவில் இந்தச் சிவப்பு வண்டி மூக்கைத் திருப்பும்போது ஸ்டியரிங்கில் வருகிற அந்தக் கனத்தை, திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தக் கை எங்கே போய்த் தேடும்? எடுத்துக் கொடுத்துவிட்டால் தனக்கு ஒரு சுற்றுகூடக் கிடையாது. அவர் புனிதர் இல்லை. ஹெல்மெட்டை எடுத்தார், ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்தார். உள்ளே பஞ்சு நைந்திருந்த இடத்தில் மகள் சின்ன வயதில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கரின் பாதி இன்னும் இருந்தது. அவளுக்குப் பதினெட்டு வயது. நேற்றுகூட தொலைபேசியில் ஒன்றுமில்லாத விஷயத்துக்கு அரை மணி நேரம் சிரித்தாள்.

ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

அடுத்தவர் பானட்டுக்குள் கேட்காமல் கை வைக்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். அதை மீறுவதற்கு அவர் கடவுளிடம் மட்டும் அனுமதி கேட்டார். பதில் வரவில்லை. தடுக்கவும் இல்லை.

முதலில் சிவப்பு வண்டி. நான்கு வயர்களிலும் காகித டேப் ஒட்டி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதினார்; மாறிப் போனால் என்ஜின் ஓடாது. கைக்குட்டையை விரித்து, கடையில் செய்வது போலவே, கழற்றிய திருகுகளை வரிசையாக வைத்தார். காயிலைக் கையில் எடுத்துத் துணியால் துடைத்தார். பிறகு நீல வண்டி. அங்கே இன்னும் சூடு அடங்கவில்லை. மணிக்கட்டு ஓரிடத்தில் சுருக்கென்று சுட்டது. சத்தம் போடாமல் உதறிக்கொண்டார். பஸ்காரரின் புதுக் காயிலைக் கழற்றித் தன்னுடையதைப் பொருத்தினார். ஒவ்வொரு திருகையும் முடுக்கினார். மறுபடி ஒருமுறை முடுக்கிப் பார்த்தார். நான்கு வயர்களையும் அழுத்திச் செருகி, மெல்ல இழுத்துப் பார்த்தார். பிறகு கெட்ட காயிலைத் தன் வண்டியில் மாட்டினார். மெதுவாகப் போனால் வீடு வரை இழுத்துவிடும். வாங்க வருகிறவரை ஏமாற்றக் கூடாது. நாளைக்கே நல்லதாக ஒன்று தேடிப் போட்டுவிட வேண்டும்.

எல்லாம் இருபது நிமிஷம். கூரைத் தகட்டின் மேல் ஒரு புறா நடந்துகொண்டிருந்த சத்தத்தைத் தவிர அங்கே வேறு ஒன்றும் இல்லை.

இது அதற்கு ஈடா என்று ஒரு நினைப்பு வந்தது. குழந்தையின் உயிர் எங்கே, ஒரு பிற்பகல் எங்கே? ஈடு இல்லைதான். இத்தனை வருஷமாக ஈடானதைத் தேடித்தானே வெறுங்கையோடு நின்றோம் என்று நினைத்துக்கொண்டார். கையில் இருப்பதைத்தான் கொடுக்க முடியும். மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

பஸ்காரர் திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரர் தன் வண்டியின் பக்கெட் சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார்.

“நீ சாப்பிடலியா?”

“பசிக்கல. முதுகு புடிச்சிருச்சுண்ணே. குனியவே முடியல.”

“இன்னைக்குப் பாத்தா?”

“முதுகுக்குக் கிழமை தெரியுமா? நீங்க வேணா ஒருதரம் போட்டுப் பாருங்களேன். நல்லா ஆறியிருக்கு. இருமுனா வந்துருங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போயி, ஒருதரம் பாத்திருக்கலாமேன்னு ராத்திரி பூரா பொரளுவீங்க.”

“நீ சும்மாவே இருக்க மாட்ட” என்றார் பஸ்காரர். ஆனாலும் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

நீல வண்டி வெளியே போயிற்று. கண்ணாடிக்காரர் எழுந்து, தடுப்புச் சுவரின் மேல் முழங்கையை ஊன்றி நின்றார். முதல் சுற்று சூடேற்றுவதற்கு. இரண்டாவதில் வண்டி நேர்பாதையில் விரைந்து கடந்தது. சத்தம் ஒரே கோடாக இருந்தது. மூன்றாவது. இருமல் வர வேண்டிய இடம். பல்லைக் கடித்துக்கொண்டார். வரவில்லை. நான்காவது சுற்றில் நீல வண்டி கடைசி வளைவிலிருந்து வெளியே வந்து, என்ஜின் சுழற்சி நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம் என்று ஏற, தொண்டை திறந்து பாடிக்கொண்டே அவரைக் கடந்தது. “ரெண்டு நிமிஷத்துக்குள்ள!” என்று பக்கத்தில் யாரோ விநாடி எண்ணிச் சொன்னார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரை விட்டு இறங்கி, சுட்ட மணிக்கட்டைக் காட்டத் தண்ணீர்க் குழாயைத் தேடி நடந்தார்.